பெற்றோரின் மௌனமும் பிள்ளைகளின் கேள்வியும்: சீனக் குடியேறிக் குடும்பங்களை எவ்வாறு வாசிப்பது?

சீனக் குடியேறிக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளிலும் வகுப்பறை விவாதங்களிலும் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. பெற்றோர் பிழைப்புக்காகப் போராடினர்; பிள்ளைகள் அடையாளத்துக்காகப் போராடுகின்றனர் என்பதே அது. சலவைக் கடையிலும் உணவகச் சமையற்கட்டிலும் தையற்கூடத்திலும் முதுகொடிய உழைத்தது ஒரு தலைமுறை. அந்த உழைப்பின் பயனாகப் பல்கலைக்கழகம்வரை சென்று, தான் சீனரா அமெரிக்கரா என்று குழம்பி நிற்பது மறு தலைமுறை. இந்த வாய்பாடு முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இது இரண்டு தீங்குகளைச் செய்கிறது. முதலாவதாக, பிள்ளைகளின் போராட்டத்தை வயிறு நிறைந்தவர்களின் மனக்குறையாகச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவதாக, பெற்றோர் தம் துன்பங்களைப் பிள்ளைகளிடம் பேசாததைச் சீனப் பண்பாட்டின் இயல்பாக, கன்பூசிய ஒழுக்கத்தின் விளைவாக விளக்கிவிட்டு அமைதி அடைகிறது.

இந்த இரண்டாவது விளக்கமே மறுக்கப்பட வேண்டியது. சீனக் குடும்பங்களில் நிலவும் மௌனத்தின் பெரும்பகுதி பண்பாட்டிலிருந்து வந்ததன்று; சட்டத்திலிருந்து வந்தது. பெற்றோர் எதைப் பேசாமல் விட்டனரோ அதுவே பிள்ளைகளிடம் கேள்வியாக எழுகிறது. ஆகவே இரு தலைமுறைகளின் போராட்டங்களும் தனித்தனியானவை அல்ல. ஒரே கதையின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஆகும்.

அமெரிக்க அனுபவத்திலிருந்து தொடங்கலாம். 1882இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுத்தது. சீனர்கள் குடியுரிமை பெறுவதற்கான வழியையும் அடைத்தது. வணிகர், மாணவர், அரசத் தூதர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த சீனர் அந்நாட்டுக் குடிமகனே என்று 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைபட்ட சுவரில் எஞ்சிய ஒரே இடுக்கு அதுதான். 1906இல் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது நகரின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின. அதன்பின் பல சீனர்கள் தாம் அந்நகரில் பிறந்தவர்கள் என்று அறிவித்துக் குடியுரிமை பெற்றனர். சீனாவுக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் அங்கே தமக்கு ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்தனர். அவ்வாறு உருவான ‘மகன்’ இடங்கள் உறவினருக்கும் ஊராருக்கும் விலைக்குக் கைமாறின. வரலாற்றாசிரியர்கள் ‘காகித மகன்கள்’ என்று அழைப்பது இவர்களைத்தான்.

காகித மகனாக வருவது எளிதன்று. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் இயங்கிய குடிநுழைவு நிலையத்தில் ஒவ்வொருவரும் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். ஊரில் வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள், அரிசிப் பானை எந்த மூலையில் இருந்தது, மூன்றாம் வீட்டுக்காரரின் மனைவி பெயர் என்ன என்பன போன்ற வினாக்கள் தொடுக்கப்பட்டன. ‘தந்தை’யிடமும் ‘மகனி’டமும் தனித்தனியே பெற்ற விடைகள் ஒப்பிடப்பட்டன. விடைகள் மாறுபட்டால் திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இருந்தது. எனவே வருவோர் கப்பலிலேயே பயிற்சித் தாள்களை மனப்பாடம் செய்து, கரை சேருமுன் அவற்றைக் கடலில் எறிந்தனர்.

மனப்பாடம் செய்த அந்தக் குடும்ப வரலாற்றை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது. விசாரணை அதிகாரி கேட்டது ஒரு நாள். அண்டை வீட்டார், ஆசிரியர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர், வரி அதிகாரி ஆகியோர் கேட்டது ஆயுள் முழுவதும். சொந்த மகனிடமே உண்மையான குடும்பப் பெயரைச் சொல்ல முடியவில்லை. பள்ளியில் அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால் குடும்பமே நாடு கடத்தப்படலாம். ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் சீன எழுத்தில் உண்மைப் பெயரும் பொறிக்கப்பட்ட கல்லறைகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. ஒருவர் தம் சொந்தப் பெயரைப் பெற இறப்புவரை காத்திருந்தார் என்பதன் சான்று அக்கல்லறைகள்.

1943இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டபோதும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்கே அனுமதி என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 1956இல் அமெரிக்க அரசு ஒப்புதல் வாக்குமூலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. காகித அடையாளத்தை ஒப்புக்கொண்டால் சட்டப்படியான இருப்பைப் பெறலாம் என்றது அரசு. ஆனால் ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரது காகிதத் தந்தை, காகிதச் சகோதரர், அவர்களின் பிள்ளைகள் என முழுக் கிளையும் வெளிப்பட்டுவிடும். பொதுவுடைமை அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. அரசியல் சார்பு ஐயத்துக்குரியது என்று கருதப்பட்டோர்மீது அந்த வாக்குமூலங்களே ஆயுதமாகத் திருப்பப்பட்டன. 13,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர். அதனினும் மிகப் பலர் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் இரு தலைமுறைகளின் வேறுபாடு கூர்மை பெறுகிறது. பெற்றோருக்கு அந்தப் பொய் ஒரு கதவு. அதன் வழியே நுழைந்தாயிற்று, பின்னர் அது சாத்தப்பட்டே இருக்க வேண்டும். பிள்ளைக்கோ அது தன் பெயரின் அடித்தளம். தான் பள்ளிச் சான்றிதழில் எழுதும் குடும்பப் பெயர் யாரோ ஒருவருடையது என்பதை அறியும் நாளில் அவன் அடைவது வெறும் அடையாளக் குழப்பமன்று. தன் தந்தை யார் என்பதைத் தந்தை உயிரோடிருக்கும்போதே தேட வேண்டிய நிலை அது. இதை ‘இரண்டாம் தலைமுறையின் உளவியல் சிக்கல்’ என்று மட்டும் வகைப்படுத்தும் ஆய்வு, அந்தச் சிக்கலைத் தோற்றுவித்த குடிநுழைவு அலுவலகத்தைக் காட்சியிலிருந்து அகற்றிவிடுகிறது.

மொழி இரண்டாவது களம். 1965ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டத்துக்குப் பின் குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் வீடுகளில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். மருத்துவமனையில் தாயின் நோயை மருத்துவரிடம் சொல்வதும், வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்பதும், வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும் பத்து வயதுப் பிள்ளையின் பொறுப்பாயின. அப்பிள்ளைகளில் பலர் தாமே ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ 1,800 சீன மாணவர்கள் தமக்கு விளங்காத மொழியில் எவ்விதத் துணைப் பயிற்சியுமின்றி வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரே பாடநூலை எல்லார்க்கும் கொடுத்துவிட்டால் சமவாய்ப்பு அளித்ததாகிவிடாது என்று 1974இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

மொழிபெயர்க்கும் பிள்ளை அதிகாரம் பெறுகிறது, பெற்றோர் அதிகாரம் இழக்கின்றனர் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியுள்ளனர். அதைவிட ஆழமான இழப்பு ஒன்று உண்டு. ஊரில் வாக்குவன்மை மிக்கவராக, நகைச்சுவையாளராக, பஞ்சாயத்துப் பேசுபவராக இருந்த ஒரு தந்தையைப் பிள்ளை ஆங்கிலத்தில் திக்குபவராக மட்டுமே பொதுவெளியில் காண்கிறது. மறுபுறம், பிள்ளையின் கண்டனீஸோ டாய்ஷனீஸோ ஃபுஜோ மொழியோ சாப்பாட்டு மேசையைத் தாண்டுவதில்லை. சோறு, பள்ளி, மதிப்பெண், குளிர், காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சொல் இருக்கும். மனச்சோர்வுக்கும் காதல் முறிவுக்கும் அரசியல் கருத்துக்கும் சொல் இராது. ஒருவரை மற்றவர் அவரது வலுவற்ற மொழியிலேயே அறிந்திருக்கும் இரு தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. தந்தை பேசாதவர் என்று பிள்ளை முடிவு செய்கிறது. பிள்ளைக்கு ஆழமில்லை என்று தந்தை முடிவு செய்கிறார். இரண்டும் மொழிக் கொள்கையின் விளைவுகளே. ஆனால் வீட்டுக்குள் அவை குணக்குறைகளாகவே உணரப்படுகின்றன.

மூன்றாவது களம் கல்வி. ‘முன்மாதிரிச் சிறுபான்மை’ என்ற கருத்தாக்கம் இங்கே பெரும் திரையாக நிற்கிறது. ஜெனிஃபர் லீ, மின் ஜோ இருவரும் 2015இல் வெளியிட்ட நூலில் சுட்டியதுபோல, 1965க்குப் பின் அமெரிக்கா சென்ற சீனர்களில் பட்டதாரிகளின் விகிதம் சீனாவின் சராசரியைவிட மட்டுமன்றி அமெரிக்காவின் சராசரியைவிடவும் மிகுதி. சட்டம் வடிகட்டி எடுத்தவர்களின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதைச் சீனப் பண்பாட்டின் வெற்றி என்று கொண்டாடுவது, வடிகட்டியை மறந்துவிட்டு நீரைப் புகழ்வதாகும். மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், மருந்தாளுநர் என்ற குறுகிய வெற்றிச் சட்டகத்துக்குள் அடங்காத பிள்ளைகள் தம்மைத் தோற்றவர்களாகக் கருதுகின்றனர், தாம் சீனரே அல்லர் என்றுகூட விலகுகின்றனர் என்பதும் அந்நூலின் முடிவுகளுள் ஒன்று.

வடிகட்டியின் வழியே வராதவர்களும் உள்ளனர். 1993 ஜூனில் கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் நியூயார்க் கடற்கரையில் தரைதட்டியபோது அதில் 286 பேர் இருந்தனர். பெரும்பாலோர் ஃபுஜியான் மாகாணத்தினர். கரையை நோக்கிக் குளிர்நீரில் குதித்தோரில் 10 பேர் இறந்தனர். அவர்களைப் போன்ற தொழிலாளர்கள் கடத்தல்காரர்களுக்குப் பட்ட கடனைப் பல ஆண்டுகள் உணவகங்களில் உழைத்து அடைத்தனர். அக்காலத்தில் பிறந்த குழந்தைகளை வளர்க்க நேரமும் இடமும் இல்லாததால் ஃபுஜியானில் உள்ள தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டு, பள்ளி வயது வந்ததும் திரும்ப அழைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. ஐந்து வயதில் அறிமுகமற்ற இருவரைத் தாய் தந்தை என்று ஏற்க வேண்டிய குழந்தையின் துயரமும், பெற்ற குழந்தையைப் பெட்டியோடு வழியனுப்பிய தாயின் துயரமும் வெவ்வேறானவை. ஆனால் இரண்டையும் விளைவித்த காரணம் ஒன்றே: ஆவணமின்மையும் கடனும். பேராசிரியரின் மகளையும் இக்குழந்தையையும் ‘சீன அமெரிக்க இரண்டாம் தலைமுறை’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கும் அட்டவணை எதையும் விளக்குவதில்லை.

மௌனத்துக்குப் பண்பாடே காரணம் என்போர் இங்கே ஒரு மறுப்பை எழுப்பலாம். பெற்றோரைக் கேள்வி கேளாமை, குடும்பக் குறையை வெளியே சொல்லாமை ஆகிய விழுமியங்கள் சீனச் சமூகத்தில் உண்மையிலேயே உள்ளனவே என்பது அம்மறுப்பு. உள்ளன. ஆனால் பண்பாடு மட்டுமே காரணமாயின், பண்பாடு மாறும் இடத்தில் மௌனமும் மாற வேண்டும். அவ்வாறு மாறவில்லை என்பதற்கான சான்று இந்தியாவிலேயே உள்ளது.

1962 அக்டோபரில் இந்திய சீனப் போர் மூண்டது. நவம்பரில் போர் ஓய்ந்த நாட்களிலேயே அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் உள்ளிட்ட பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் கைது செய்யப்பட்டு, பல நாள் ரயில் பயணத்தின்பின் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பிரித்தானிய ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்த அதே முகாம். சுமார் 3,000 பேர் அங்கே வைக்கப்பட்டனர். கடைசிக் கைதிகள் 1967இல்தான் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் முதியோர் இருந்தனர். இந்தியாவில் பிறந்து, இந்தியப் பள்ளிகளில் படித்த சிறுவர் சிறுமியரும் இருந்தனர். முகாமிலேயே குழந்தைகள் பிறந்தன. 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்களில் ஏறிப் பலர் தாம் கண்டிராத ‘தாயகத்துக்கு’ச் சென்றனர்; அக்கப்பல்கள் புறப்பட்டது அன்றைய மதராஸ் துறைமுகத்திலிருந்து. முகாமிலிருந்து திரும்பியவர்களில் பலர் தம் வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டனர்.

அசாமின் மாகும் பகுதிச் சீனர்கள் ஒரு நூற்றாண்டுக் காலக் கலப்பில் உருவானவர்கள். தேயிலைத் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்த அவர்களுள் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்கள். பிள்ளைகளின் வீட்டு மொழி அசாமியமாகவோ பிற உள்ளூர் மொழியாகவோ இருந்தது. கன்பூசிய ஒழுக்கம் அவ்வீடுகளில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதே கேள்விக்குரியது. ஆனால் மௌனம் அங்கேயும் அதே அளவில் படர்ந்தது. 2010இல் ரீட்டா சௌத்ரி ‘மாகாம்’ என்ற அசாமிய நாவலை எழுதிய பின்னரே அம்மக்களின் கதை அசாமுக்குள்ளேயே பரவலாகத் தெரியவந்தது. டார்ஜிலிங்கில் 13 வயதில் பிடிக்கப்பட்ட யின் மார்ஷ் தம் நினைவுகளை நூலாக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. தேவ்லி முகாமில் பிறந்த ஜாய் மா, திலீப் டிசூசாவுடன் இணைந்து எழுதிய நூல் 2020இல் வந்தது. கலிஃபோர்னியாவின் காகிதத் தந்தைக்கும் மாகும் நகரின் கடைக்காரருக்கும் பொதுவாக இருந்தது பேசினால் தண்டனை வரும் என்ற அறிவுதான்.

இந்திய நிகழ்வு மற்றொன்றையும் தெளிவாக்குகிறது. பெற்றோருக்குச் சட்டச் சிக்கல், பிள்ளைகளுக்கு உணர்வுச் சிக்கல் என்ற பாகுபாடு பிறப்புவழிக் குடியுரிமையை உறுதியாகக் காத்த ஒரு நாட்டின் தனி விளைவு. பிள்ளையின் குடியுரிமை அங்கே ஐயத்துக்கு அப்பாற்பட்டிருந்ததால் அவன் அடையாளத்தைப் பற்றிக் கவலைப்பட முடிந்தது. தேவ்லியில் அத்தகைய பாகுபாட்டுக்கே இடமில்லை. தாத்தா எந்த நாட்டில் பிறந்தார் என்பது பேத்தியைச் சிறைப்படுத்தப் போதுமானதாயிற்று. மூன்று தலைமுறையும் ஒரே தடுப்புக் கம்பிக்குள் ஒரே போராட்டத்தை நடத்தின.

கொல்கத்தாவின் டாங்ராப் பகுதி ஹக்கா மக்களின் வரலாறு இதன் தொடர்ச்சி. மேல்சாதி இந்துக்கள் தீட்டெனக் கருதி ஒதுங்கிய தோல் பதனிடும் தொழிலில் அவர்கள் தமக்கென ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டனர். 1962க்குப் பின் காவல்துறையிடம் பதிவு, பயணத்துக்கு அனுமதி, குடியுரிமைக்கு நீண்ட காத்திருப்பு என்ற நிலை வந்தது. தோல் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே பன்தலாவுக்கு மாற்ற வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்பே பல குடும்பங்கள் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக டொரான்டோவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன; எல்லன் ஆக்ஸ்ஃபெல்ட் 1993இல் வெளியிட்ட கள ஆய்வு இக்குடும்ப உத்தியை விரிவாகப் பேசுகிறது. கொல்கத்தாவில் மூன்றாம் தலைமுறையாக இருந்தவர் டொரான்டோவில் மீண்டும் முதல் தலைமுறை ஆனார். வீட்டில் ஹக்காவும் கடைத்தெருவில் வங்கமும் இந்தியும் பேசி வளர்ந்த அவரை, ஹாங்காங்கிலிருந்து வந்த சீனர் முழுச் சீனராக ஏற்பதில்லை. அங்குள்ள இந்தியர் இந்தியராக ஏற்பதில்லை. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று எண்ணும் ஆய்வு முறைக்கு இவரை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

அவர் சென்று சேர்ந்த கனடாவுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1885 முதல் சீனர்மீது தலைவரி விதித்த அந்நாடு 1903இல் அதனை 500 டாலராக உயர்த்தியது. சுமார் 81,000 பேரிடமிருந்து 2.3 கோடி டாலர் வசூலித்தது. 1923 முதல் 1947 வரை சீனர் நுழைவை ஏறத்தாழ முற்றிலுமாகத் தடுத்தது. வரியைச் செலுத்தியவர்கள் அதைக் கடனாகக் கருதி உழைத்து அடைத்துவிட்டு வாய்மூடி இருந்தனர். அதனை அநீதி என்று பெயரிட்டு, 1980களில் தொடங்கி நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் பேசியதில் பெரும்பங்கு அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. 2006 ஜூன் 22 அன்று கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்த வரி செலுத்தியோர்க்கும் இறந்தவர்களின் துணைவியர்க்கும் தலா 20,000 டாலர் வழங்கியது. அப்போது வரி செலுத்தியவர்களில் எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே.

இந்த வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் பிள்ளைகளின் போராட்டம் வயிறு நிறைந்தவர்களின் மனக்குறை என்ற கூற்று நிலைக்காது. பேசினால் நாடு கடத்தப்படும் நிலையில் இருந்தவர்களால் செய்ய இயலாத ஒன்றை, பேசினாலும் நாடு கடத்தப்படாத நிலையை அடைந்தவர்கள் செய்தனர். அந்த நிலையை அவர்களுக்கு ஈட்டித் தந்ததே பெற்றோரின் மௌனந்தான். ஆகவே எத்தலைமுறையின் துன்பம் பெரிது என்று எடைபோடுவது பயனற்ற முயற்சி. முன்னவர் தாங்கியதற்குப் பின்னவர் பெயரிட்டார் என்பதே இரண்டுக்கும் உள்ள உறவு.

ஆய்வு மாணவர்களுக்கு இதிலிருந்து நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. சீனக் குடும்பங்களிடம் நேர்காணல் எடுப்பவர், பெற்றோர் எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின்கீழ், எந்த ஆவணத்தோடு எல்லையைக் கடந்தனர் என்பதை முதலில் அறிய வேண்டும். ‘அப்பா எதையும் சொன்னதில்லை’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் பண்பாடு என்ற தலைப்பின்கீழ்க் குறித்துக்கொள்வதற்கு முன், அவர் சொல்லியிருந்தால் யார் அவரைத் தண்டித்திருப்பார் என்று கேட்க வேண்டும். அந்த வினாவுக்கு விடை கிடைக்காத பிறகே பண்பாட்டு விளக்கத்தை நாட வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் புலம்பெயர்வு இலக்கியம் கற்பிக்கப்படும்போது ஏமி டானும் மேக்ஸீன் ஹாங் கிங்ஸ்டனும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றனர். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பேசாத தூரம் அமெரிக்கப் பிரச்சினையாக விவாதிக்கப்படுகிறது. தேவ்லியைப் பற்றிய நூல்கள் அப்பட்டியலில் அரிதாகவே உள்ளன. தேவ்லியில் தடுத்து வைக்கப்பட்டோர் கனடாவில் சங்கம் அமைத்து இந்திய அரசிடம் மன்னிப்பைக் கேட்டு வருகின்றனர். அரசு இதுவரை மன்னிப்புக் கோரவில்லை. அம்முகாமைச் சிறுவராகக் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டனர். அவர்களிடம் அசாமியத்திலும் வங்கத்திலும் இந்தியிலும் கேட்டுப் பதிவு செய்யக்கூடிய ஆய்வாளர்கள் இந்தியாவில்தான் உள்ளனர். அந்த வேலைக்கான காலம் இன்னும் சில ஆண்டுகளே.